முதல் தேநீர்க் கிண்ணம்: ராக்குவா, ஹாகியா, கராட்சுவா?

மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடியைக் கடைந்து அருந்த எந்தக் கிண்ணம் சிறந்தது என்று ஜப்பானியத் தேநீர்க்காரர்களைக் கேட்டால் சட்டென்று பதில் வரும்: "இச்சி ராக்கு, நி ஹாகி, சான் கராட்சு." முதலிடம் ராக்கு, அடுத்தது ஹாகி, மூன்றாவது கராட்சு. நெடுநாளாகப் புழங்கும் வரிசை இது. மாட்சா இப்போது நம்மூர்க் கடைகளிலும் கிடைக்கிறது. ஜப்பான் போய்வரும் நண்பர்களிடம் கிண்ணம் வாங்கிவரச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்த வரிசையை அப்படியே தரவரிசையாக எடுத்துக்கொண்டு, கையிலுள்ள பணத்துக்கு எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே போகப் பார்க்கிறார்கள்.

அந்த வரிசை பொய் இல்லை. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட தேநீருக்காக, ஒரு குறிப்பிட்ட அறைக்காகப் பிறந்தது. வீட்டு மேசையில் காலையில் ஒரு கிண்ணம் கடைந்து குடிப்பவருக்கு அதைக் கீழிருந்து மேலாகப் படிப்பதே பொருந்தும் என்பது என் முடிவு. முதல் கிண்ணம் கராட்சுவாக இருக்கட்டும். ராக்கு பிறகு வரலாம், வராமலும் போகலாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உள்ளே வரப்போகும் தேநீரைப் பார்க்க வேண்டும். மாட்சா இரண்டு விதம். உசுச்சா என்பது இளந்தேநீர்: 2 கிராம் பொடி, 60, 70 மில்லி வெந்நீர், மூங்கில் மத்தால் விறுவிறுவென்று கடைந்தால் மேலே நுரை கட்டும். கொய்ச்சா என்பது கெட்டித் தேநீர்: ஆளுக்கு 4 கிராம் வரை பொடி, தண்ணீர் மிகக் குறைவு. இதைக் கடைவதில்லை, மத்தை மெதுவாக ஓட்டிக் குழைக்க வேண்டும். வழியும் பதத்தில், கரும்பச்சையில் நிற்கும். முறையான தேநீர் விருந்தின் உச்சம் இந்தக் கொய்ச்சாதான். எல்லா விருந்தாளிகளுக்கும் சேர்த்து ஒரே கிண்ணத்தில் குழைத்து, ஒருவர் சில மிடறு குடித்துவிட்டு, விளிம்பைத் துடைத்து அடுத்தவரிடம் தருவார். கடைசி ஆள் வாய்வைக்கும்வரை தேநீர் ஆறக் கூடாது. சூடான கிண்ணம் கையைச் சுடவும் கூடாது. இந்த இரண்டு தேவைகளையும் ராக்கு அளவுக்கு நிறைவேற்றும் கிண்ணம் வேறு இல்லை. முதலிடத்தின் ரகசியம் அதுதான்.

ராக்கு: உள்ளங்கையில் எழுந்த கிண்ணம்

ராக்கு கிண்ணம் சக்கரத்தில் சுற்றி எடுக்கப்படுவதில்லை. குயவர் மண்ணைத் தட்டையான வட்டாகத் தட்டி, ஓரங்களை இரு உள்ளங்கைகளால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி மேலே எழுப்புகிறார். சற்று உலர்ந்ததும் உள்ளும் புறமும் இரும்புக் கருவியால் செதுக்கிக் குறைக்கிறார். ஆகவே சுவர் எங்கும் ஒரே கனத்தில் இருக்காது. கட்டைவிரல் பதியும் இடத்தில் லேசாகக் குழியும், விளிம்பு மேடும் பள்ளமுமாக அலையும். இரு கைகளாலும் ஏந்தினால் ஏற்கெனவே யாரோ ஏந்திய இடத்தில் நம் கை போய்ப் பொருந்தும்.

இதைத் தொடங்கியவர் கியோட்டோவின் சோஜிரோ. இவருடைய தந்தை சீனாவிலிருந்து வந்தவர் என்பது மரபு. சோஜிரோ செய்த ஓர் இருநிறச் சிங்க உருவம் 1574-ஆம் ஆண்டைத் தாங்கி நிற்கிறது. அவரைக் கிண்ணம் செய்ய வைத்தவர் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ. 1586-ஆம் ஆண்டின் ஒரு தேநீர்க் குறிப்பேட்டில் "சோயெகி வடிவக் கிண்ணம்" என்று வருகிறது. சோயெகி என்பது ரிக்யூவின் இன்னொரு பெயர், அது சோஜிரோவின் கிண்ணமாகத்தான் இருக்கும் என்பது பலரின் கருத்து. சீனத்து மினுமினுப்புக் கிண்ணங்களை மேன்மக்கள் கொண்டாடிய காலம் அது. ரிக்யூ கேட்டதோ கண்ணை இழுக்காத கறுப்பு. காகிதச் சாளரம் வழியே வரும் மங்கிய வெளிச்சத்தில் கிண்ணம் இருளோடு சேர்ந்துவிட, பச்சை மட்டும் தெரியும். சோஜிரோவின் "ஓகுரோ" என்ற கறுப்புக் கிண்ணத்தில் பளபளப்பு என்பதே கிடையாது. அவருக்குப் பின் மூன்றாம் தலைமுறையான டோன்யூதான் மெருகை, அதாவது மண்மேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சை, பளபளக்க விட்டார். சோஜிரோவின் மங்கல் எனக்கு இன்னும் நெருக்கம்.

கறுப்பு வரும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இந்தக் கிண்ணத்தின் குணமும் விலையும் தாமாக விளங்கும். கியோட்டோவில் ஓடும் காமோ ஆற்றின் கருங்கல்லைப் பொடித்து மெருகு தயாரிக்கிறார்கள். அதைப் பலமுறை பூசி உலர்த்துகிறார்கள். சூளை மிகச் சிறியது, கறுப்பு ராக்கு ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் உள்ளே போகும். சுற்றிலும் மரக்கரி, ஆட்கள் துருத்தி ஊதிக்கொண்டே இருப்பார்கள். மெருகு உருகிப் பளபளக்கும் நொடியைக் கண்ணால் பார்த்து, கனலாகச் சிவந்திருக்கும் கிண்ணத்தை நீண்ட இடுக்கியால் பிடித்து வெளியே எடுக்கிறார்கள். வெளிக்காற்றில் சட்டென்று குளிரும்போதுதான் கறுப்பு உண்டாகிறது. சூளைக்குள்ளேயே மெல்ல ஆறவிட்டால் அந்தக் கறுப்பு கிடைக்காது. கிண்ணத்தின் பக்கவாட்டில் இடுக்கி பிடித்த தடம் ஒரு சிறு தழும்பாக நின்றுவிடும். அதைக் குறையென்று நினைத்து வேறு கிண்ணம் கேட்காதீர்கள். கறுப்பு ராக்குவின் பிறப்புக்குச் சாட்சி அது. சிவப்பு ராக்கு இதைவிடக் குறைந்த சூட்டில், 800 டிகிரியை ஒட்டி வேகும். அதனால் இன்னும் மென்மையானது, இன்னும் சுலபமாக உடையக்கூடியது.

இப்படி அவசரச் சூட்டில் வெந்த மண் இறுகிக் கல்லாகாது. உடம்பு முழுக்க நுண்துளைகள் இருக்கும், அவற்றில் அடைந்த காற்று சூட்டை மெல்லத்தான் கடத்தும். வெந்நீர் ஊற்றினால் கைக்கு வரும்போது இதமான வெப்பமாகவே வருகிறது, உள்ளேயும் நீண்ட நேரம் நிற்கிறது. உதட்டில் படும் விளிம்பும் கண்ணாடிபோல் இல்லாமல் மெத்தென்று இருக்கும். கொய்ச்சாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் விலைக்கு வருவோம். சோஜிரோவின் வழிவந்த ராக்கு குடும்பம் இன்றும் கியோட்டோவில் கிண்ணம் செய்கிறது. 2019-இல் பதினாறாம் தலைமுறை பட்டத்துக்கு வந்தது. மெருகின் பக்குவத்தைத் தந்தை மகனுக்கு எழுதிக் கொடுப்பதில்லை, ஒவ்வொருவரும் தானே கண்டடைய வேண்டும். கொள்ளுத்தாத்தா சேர்த்து வைத்த மண்ணை எடுத்துக் கொள்ளுப்பேரன் கிண்ணம் செய்யும் வீடு அது. அவர்கள் கிண்ணத்துக்கு விலை கேட்க நம்மில் பெரும்பாலோருக்கு வழியில்லை. கியோட்டோ போனால் அவர்கள் நடத்தும் ராக்கு அருங்காட்சியகத்தில் கண்குளிரப் பார்க்கலாம்.

நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ராக்கு முறையில் செய்யும் மற்றக் கியோட்டோக் குயவர்கள். இவர்களைப் பக்கச் சூளைக்காரர்கள் என்பார்கள். சில பத்தாயிரம் யென்னுக்கு நேர்மையான கறுப்புக் கிண்ணம் கிடைக்கும். இன்னொன்று கனசாவா நகரத்து ஓஹி. 1666-இல் சென் குடும்பத்துத் தேநீர் ஆசான் ஒருவரோடு கியோட்டோவிலிருந்து போன சோசயெமோன் தொடங்கிய மரபு. கையால் எழுப்பும் முறை அதேதான், மெருகு மட்டும் தேன்பாகு நிறம். கறுப்பு மனத்துக்கு ஒட்டவில்லை என்பவர்கள் ஓஹியைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் "ராக்கு" என்ற பெயரில் செம்பு மினுக்கலும் வானவில் நிறமுமாக மலிவு விலையில் வருபவை பெரும்பாலும் இந்த ராக்கு இல்லை. பெர்னார்ட் லீச் என்ற ஆங்கிலேயர் 1911-இல் தோக்கியோவில் ஒரு விருந்தில் ராக்கு செய்முறையைப் பார்த்தார், அவர் வழியாக அது மேற்கே போனது. 1960 வாக்கில் அமெரிக்கர் பால் சோல்ட்னர், சிவந்த பாத்திரத்தை மரத்தூள், இலைதழைகளுக்குள் போட்டுப் புகையூட்டும் முறையைப் பரப்பினார். கலைப்பொருளாக அது அழகுதான். ஆனால் அப்படிச் செய்த பல பாத்திரங்கள் குடிப்பதற்கு ஏற்றவை அல்ல, செய்தவர்களே அப்படிச் சொல்லித்தான் விற்பார்கள். ஜப்பானிய ராக்குவிலும் பழைய முறை மெருகில் ஈயம் சேர்வதுண்டு. யாரிடம் வாங்கினாலும் ஈயம் சேராத மெருகா என்று கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஹாகி: குடிக்கக் குடிக்க மாறும்

ஹாகிக்குப் பின்னால் ஒரு போரின் துயரம் இருக்கிறது. அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி 1592 முதல் 1598 வரை கொரியா மீது நடத்திய படையெடுப்புகளில் கொரியக் குயவர்கள் பலர் ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். யி ஜாக்-குவாங், யி கியோங் என்ற சகோதரர்கள் மோரி பிரபுவின் ஆளுகையில் குடியமர்த்தப்பட்டார்கள். 1604-இல் மோரி தன் கோட்டையை ஹாகிக்கு மாற்றியபோது சூளையும் அங்கே எழுந்தது. யி கியோங் பிற்பாடு சகா கொரைசயெமோன் என்ற ஜப்பானியப் பெயர் பெற்றார். அந்தக் காலத் தேநீர்க்காரர்கள் உயிராக மதித்தவை கொரியாவின் இதோ கிண்ணங்கள். இலுப்பை இலைப் பழுப்பும் இல்லாத, வெளிர் மஞ்சளும் இல்லாத, லோக்காட் பழத்தின் நிறம் அவற்றுக்கு. அதே நிறத்தைத்தான் ஹாகி இன்றும் தேடிக்கொண்டிருக்கிறது. ஜப்பானில் தேசியச் செல்வம் என்று அறிவிக்கப்பட்ட தேநீர்க் கிண்ணங்கள் எட்டே எட்டு. அவற்றில் ஒன்று, கியோட்டோ தாய்தோக்குஜி கோயில் வளாகத்தில் இருக்கும் கிசயெமோன் இதோ.

ஹாகியின் அடிப்படை தைதோ மண். மணல் கலந்த வெளிர் மண் அது. இரும்புச் சத்துள்ள மிஷிமா தீவு மண்ணும், சூடு தாங்கும் மிதாகே மண்ணும் தேவைக்கேற்பச் சேரும். வெந்த பிறகும் இந்த மண் இறுகுவதில்லை. மேலே மெருகு ஆறும்போது மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதால் மயிரிழை விரிசல்கள் ஓடும். தேநீர் அந்த இழைகள் வழியே உள்ளே ஊறும். ஆண்டுகள் போகப் போக வெளிர் கிண்ணத்தில் முதலில் இழைகள் பழுக்கும், பிறகு திட்டுத் திட்டாக நிறம் இறங்கும், கடைசியில் வாங்கியபோது இருந்த முகமே மாறிப்போகும். "ஹாகியின் ஏழு மாற்றங்கள்" என்று இதைச் சொல்வார்கள். ஹாகியை விரும்புகிறவர்கள் இதற்காகவே விரும்புகிறார்கள், அவர்கள் விருப்பத்தில் எனக்கும் பங்குண்டு.

தொல்லையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. புது ஹாகி கசியும். மேசையில் வைத்தால் அடியில் ஈர வட்டம் படியும். கடைக்காரர் இதைக் கோளாறாகக் கருத மாட்டார். அரிசி கழுவிய நீரிலோ நீர்த்த கஞ்சியிலோ கிண்ணத்தை இட்டு மெல்லச் சூடாக்கி, அப்படியே ஆறவிட்டால் மாவுச்சத்து துளைகளை அடைக்கும். நிற மாற்றம் தடைப்படும் என்று இதைக்கூடச் செய்யாமல், கசியக் கசியக் குடித்துத் தேநீராலேயே அடைபட விடுகிறவர்களும் உண்டு. எப்படிச் செய்தாலும் ஒவ்வொரு முறை குடித்த பிறகும் நன்றாக உலர்த்த வேண்டும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், மண்ணுக்குள் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்து மூடினால் பூஞ்சை பிடிக்கும், வாடை வரும். ஜப்பானின் மழைக்காலத்திலேயே இந்தப் பாடு என்றால் சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இன்னும் கவனம் தேவை. அலுவலக அவசரத்தில் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஓடுகிற ஆளுக்கு ஹாகி சரிப்படாது.

ஹாகியின் பாதத்தில், அதாவது கிண்ணம் நிற்கும் அடிவளையத்தில், ஒரு வெட்டு இருப்பதைப் பார்க்கலாம். பிரபுவுக்கு மட்டுமே உரிய கிண்ணத்தைச் சாதாரண மக்களும் வாங்க வசதியாக, வேண்டுமென்றே குறைபடுத்தினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கொரியக் கிண்ணங்களிலும் அந்த வெட்டு இருப்பதால் கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

பணமும் பொறுமையும் உள்ளவர்கள் மிவா குடும்பத்தின் வெள்ளை ஹாகியைப் பார்க்க வேண்டும். வைக்கோல் சாம்பலிலிருந்து வரும் வெண்மெருகு, கனமாகப் பனிபோல் இறங்கியிருக்கும். பத்தாம் கியூசெட்சுவும் அவர் தம்பி பதினொன்றாம் கியூசெட்சுவும் முறையே 1970-லும் 1983-லும் "வாழும் தேசியச் செல்வங்களாக" அறிவிக்கப்பட்டார்கள், கைவினை வல்லவர்களுக்கு ஜப்பானில் தரும் பட்டம் அது. தம்பி, பரல்மணல் கலந்த முரட்டு மண்ணில் செய்த "ஓனி ஹாகி" கிண்ணங்களைப் புகைப்படத்தில் பார்த்தாலே கைகள் கனக்கும்.

கராட்சு: மூன்றாமிடத்தின் நியாயம்

கியூஷூ தீவின் வடக்கே, கொரியாவை நோக்கிய துறைமுகப் பக்கம் கராட்சு. போருக்கு முன்னரே, 1580-களிலேயே கிஷிதாகே மலையடிவாரத்தில் கொரிய முறைச் சூளைகள் எரிந்தன. மலைச்சரிவில் அறை அறையாக ஏறும் சூளையும் காலால் உதைத்துச் சுற்றும் சக்கரமும் இந்த வட்டாரத்தின் அடையாளம். இங்கே தேநீர்க் கிண்ணம் மட்டும் செய்யவில்லை. சோற்றுக் கிண்ணம், தட்டு, எண்ணெய்ச் சாடி, தண்ணீர்க் குடுவை என்று வீட்டுக்கு வேண்டிய எல்லாம் செய்தார்கள். அவற்றிலிருந்து தேநீருக்கு ஏற்றதைத் தேநீர்க்காரர்கள் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள். புழங்குவதற்கென்றே பிறந்த மண் இது. அந்தக் குணம்தான் என்னைக் கராட்சுவின் பக்கம் நிறுத்துகிறது.

மண்ணில் இரும்பும் மணலும் உண்டு. சூடு 1200 டிகிரிக்கு மேல் போவதால் ஹாகியைவிட நன்றாக இறுகும். குடிக்கும் முன் தண்ணீரில் நனைப்பது நல்லது, ஆனால் மேசையை ஈரமாக்கும் தொல்லை குறைவு. மெருகு மரச்சாம்பலும் வைக்கோல் சாம்பலும் ஃபெல்ஸ்பார் கல்லும் சேர்ந்தது. வகைகள் பல. இரும்பு மையால் நாணலோ புல்லோ நாலு கோட்டில் தீட்டியது ஏகராட்சு. வைக்கோல் சாம்பல் வெண்மையில் நீலமும் கறுப்புமாகப் புள்ளி மிதப்பது மதரா. கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெருகு சந்தித்து வழிவது சோசென் கராட்சு. தீட்டல் எதுவும் இல்லாத, கொரியக் கிண்ணத்தின் சாயலில் வந்த ஓகுகொரை வகையைத் தேநீர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பார்கள்.

நான் அன்றாடம் எடுப்பது ஒரு ஏகராட்சு. வாய் அகலம் 12 சென்டிமீட்டர், மத்து தாராளமாக ஓடும். உள்ளே மெருகு வழவழப்பாக இருப்பதால் மூங்கில் இழைகள் தேய்வதில்லை. வெளிப்பக்கம் பாதி தூரத்தில் மெருகு நின்றுவிடுகிறது, கீழே வெறும் மண். பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் செதுக்கிய கருவி மணலை இழுத்துக்கொண்டு போன இடத்தில் மண் சுருங்கி நுணுக்கமாகக் கிழிந்திருக்கும். சிரிமென் என்ற சுருக்கப் பட்டுத் துணியின் பெயரால் இதைச் சொல்வார்கள். குயவரின் கை அங்கே எவ்வளவு வேகமாகப் போயிருக்கிறது என்பது தெரியும். வெறும் மண்ணைத் தொட்டுக்கொண்டு தூக்குவதால் கை வழுக்காது.

இதன் சுவர் ராக்குவைவிட மெல்லியது. கொய்ச்சா குழைத்து நாலு பேருக்குச் சுற்றிக் கொடுத்தால் கடைசி ஆளுக்கு ஆறித்தான் போகும், முதலில் பிடிப்பவருக்குச் சற்றுச் சுடவும் செய்யும். அந்தத் தேநீருக்கு இது மூன்றாவதுதான், மறுக்கவில்லை. ஆனால் உசுச்சாவை ஒருவர் கடைந்து அவரே சில நிமிடங்களில் குடித்து முடிக்கிறார். அங்கே சூடு தேங்குவது பெரிய பேறு இல்லை. விறுவிறுவென்று கடையத் தோதான அகலமும், தினமும் கழுவித் துடைத்தாலும் அசராத உடம்பும்தான் வேண்டும். "செய்தவர் எட்டுப் பங்கு, புழங்குபவர் இரண்டு பங்கு" என்று கராட்சுக்காரர்கள் சொல்வார்கள். அந்த இரண்டு பங்கை அன்றாடக் கைதான் நிரப்ப முடியும். பெட்டியில் பூட்டி வைத்த கிண்ணத்துக்கு அது கிட்டாது.

இந்த மரபும் ஒருமுறை மறைந்துபோகப் பார்த்தது. பக்கத்து அரித்தாவில் பீங்கான் எழுந்ததும் கராட்சுவின் மதிப்பு சரிந்தது. பன்னிரண்டாம் நகசாதோ தாரோயெமோன், முவான் என்ற பெயரால் அறியப்பட்டவர், பழைய சூளை மேடுகளைத் தேடித் தோண்டி, உடைந்த ஓடுகளைப் பார்த்துப் பார்த்தே மறந்துபோன செய்முறைகளை மீட்டார். 1976-இல் அவர் வாழும் தேசியச் செல்வம் ஆனார்.

ஷினோவைப் பற்றியும் சொல்ல வேண்டும்

வரிசையில் இடமே இல்லாத ஒரு கிண்ணம் பலரின் மனத்தைப் பறிக்கும்: ஷினோ. ஃபெல்ஸ்பார் கல் மெருகைக் கனமாகப் பூசி நீண்ட நேரம் எரித்தால் வெள்ளை தடித்து, யூசு எலுமிச்சையின் தோல்போலக் குழிகுழியாக நிற்கும். மெருகு மெலிந்த இடங்களில் நெருப்பின் செந்நிறம் கசியும். ஜப்பான் மண்ணில் செய்து தேசியச் செல்வமான கிண்ணங்கள் இரண்டே. ஒன்று ஹோனாமி கொயெட்சு செய்த வெள்ளை ராக்கு "ஃபுஜிசான்". இன்னொன்று ஷினோவின் "உனோஹனககி", அது தோக்கியோவின் மிட்சுயி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஷினோ எங்கே செய்யப்பட்டது என்பதே 1930 வரை தவறாக அறியப்பட்டிருந்தது. எல்லோரும் சேத்தோ என்றார்கள். அரகாவா தொயோசோ என்ற குயவர் நகோயாவில் மூங்கில் குருத்து தீட்டிய ஒரு பழைய ஷினோ கிண்ணத்தைக் கையில் வாங்கித் திருப்பினார். பாதத்தில் ஒட்டியிருந்த சிறு மண் துணுக்கு சிவந்திருந்தது. சேத்தோவின் மண் அப்படிச் சிவக்காதே என்ற ஐயத்தோடு மினோ மலைப்பகுதிக்குப் போய், முதாபோரா என்ற இடத்தின் பழஞ்சூளையில் தோண்டினார். அதே மூங்கில் குருத்து தீட்டிய ஓடு கிடைத்தது. அங்கேயே சூளை கட்டிக் குடியேறி, ஷினோவை மறுபடி உயிர்ப்பிப்பதில் வாழ்நாளைச் செலவிட்டார். கிண்ணம் வாங்குகிற ஒவ்வொருவரும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

ஆனால் முதல் கிண்ணமாக ஷினோவைப் பரிந்துரைக்கத் தயக்கம். பல ஷினோ கிண்ணங்கள் கனமானவை, விளிம்பு தடித்தது, சிறிய கைகளுக்கு ஒரு கையால் பிடித்துக் கடைவது சிரமம். பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும் கிண்ணம் அது. அதற்காக வாங்குவதென்றால் தாராளமாக வாங்கலாம். நீலப் புள்ளிகளும் எண்ணெய்த் துளிகளும் மின்னும் தெம்மோக்கு கிண்ணங்களை நோக்கியும் மனம் போகும். அவற்றின் மூலம் சீனத்து ஃபூஜியன். அடி குறுகி மேலே விரியும் வடிவம், அதனால் மரத் தாங்கியில் வைத்துப் பெரியோருக்குக் கொடுக்கப்பட்டவை. வீட்டு மேசையில் கடைய எளிதல்ல. இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கடையில் கையில் எடுக்கும்போது

மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றுங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, மேசைக்கு மிக அருகிலேயே, இரு கைகளாலும் எடுங்கள். முதலில் கனம். வெறும் கிண்ணமே கனத்தால் தேநீரோடு இன்னும் கனக்கும். கண்ணுக்குக் கனமாகத் தெரிந்து கைக்கு இலேசாக வருவது நல்ல செதுக்கலின் அடையாளம். அடுத்து உட்புறம். அடிப்பகுதி மெல்ல வளைந்து இறங்க வேண்டும், கூர்மையான மூலை இருந்தால் பொடி அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், மத்தும் முட்டும். விரலால் தடவி மணல் உறுத்துகிறதா என்று பாருங்கள். கராட்சு, ஹாகி இரண்டிலும் இதைப் பார்த்தே ஆக வேண்டும். விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி, உதடு படப்போகும் இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகத் திருப்பி, பாதம்.

கோடைக்கு விரிந்த தட்டைக் கிண்ணமும் குளிருக்கு உயர்ந்த குழல் கிண்ணமும் ஜப்பானில் வைத்திருப்பார்கள். ஆண்டு முழுக்க வெயில் பார்க்கும் நம் ஊர்களுக்கு நடுத்தர ஆழம் போதும், சற்று விரிந்த வாய் இருந்தால் இன்னும் நல்லது.

விலை என்று பார்த்தால், கராட்சுவிலும் ஹாகியிலும் இளம் குயவர்களின் கையால் செய்த கிண்ணம் பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் யென்னுக்குள் அமையும். அதற்கும் மிகக் கீழே வருபவை பெரும்பாலும் அச்சில் வார்த்தவை. பழகுவதற்கு அவையும் தவறில்லை. பெயர் பெற்றவர்களின் கிண்ணம் குயவரே கையெழுத்திட்ட மரப்பெட்டியோடு வரும். பெட்டியைத் தொலைக்காதீர்கள், பின்னால் விற்க நேர்ந்தால் பெட்டி இல்லாத கிண்ணத்துக்கு மதிப்பு வெகுவாகக் குறையும். பயன்படுத்தப் போகிற முதல் கிண்ணத்துக்குப் பெயரைத் தேடிக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பேன். அதே பணத்துக்குப் பெயர் எடுக்காத குயவரிடம் மேலான கிண்ணம் கிடைக்கும்.

பராமரிப்பு எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். குடிக்கும் முன் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறவிட்டால் துளைகளில் முதலில் தண்ணீர் நிறையும், தேநீர்க் கறை திட்டாகப் படியாது. சோப்பு வேண்டாம், நுண்துளை மண் வாசனையை விடாது. மைக்ரோவேவும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் கூடவே கூடாது. கழுவித் துடைத்துக் காற்றோட்டமான நிழலில் பாதம் மேலே இருக்கும்படி வையுங்கள். ராக்குவுக்கும் ஹாகிக்கும் பெட்டியில் வைக்குமுன் சில நாள் உலர்வு தேவை, கராட்சு அவ்வளவு கேட்காது.

இத்தனைக்கும் பிறகு ராக்குவைத்தான் முதலில் வாங்குவேன் என்று சொல்ல இரண்டு பேருக்கு முழு உரிமை உண்டு. தேநீர் வகுப்பில் சேர்ந்து கொய்ச்சா குழைக்கத் தொடங்கியவர் ஒருவர். அவர் பக்கச் சூளையின் கறுப்புக் கிண்ணத்தைத் தயங்காமல் வாங்கலாம், ஆசிரியரும் அதையே சொல்வார். மூட்டுவலியாலோ முதுமையாலோ சூடான பாத்திரத்தைப் பிடிக்க முடியாதவர் இன்னொருவர். ராக்குவின் இதமான சுவர் அவர் கைகளுக்கு உண்மையிலேயே உதவும், எடை குறைவாகப் பார்த்து வாங்கினால் போதும். நாள்தோறும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, குடித்து, கழுவி, உலர்த்த அரைமணி நேரம் வைத்திருக்கிறவர் ஹாகிக்குப் போகட்டும். மற்ற எல்லோரும் உள்ளே வழவழப்பும், வாய் 12 சென்டிமீட்டரும், பாதத்தில் வெறும் மண்ணும் உள்ள ஒரு கராட்சுவை எடுத்து நாளைக் காலையிலிருந்தே கடையத் தொடங்கலாம்.